நாலேகால் மணிக்கு வந்துபோகிறவள்

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் என்று பேர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அது அவர் காதில் விழாமல் இருக்க அவர் ஒன்றும் செவிடு இல்லையே. இருபத்தாறு வருடமாக அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் அவர் பார்த்த முக்கியமான வேலை, சர்வரின் டிஸ்க் நிறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. கேட்டால் இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். ஒருநாள் செய்யாமல் விட்டுப் பார்த்தால் தெரியும்.

குழாய் உடைந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீரும் கலங்கலாக வருகிறது என்று ஊர் ஜனம் புகார் பதிவதற்கு அலுவலகம் ஒரு வலைத்தளம் வைத்திருந்தது. அதற்குள் யார் எட்டிப் பார்த்தாலும் சர்வர் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பக்கத்தைக் கேட்டார், அந்தப் பக்கத்தில் இருக்கிற படத்தையும் கேட்டாரா என்று ஒன்று விடாமல் எழுதும். அதற்கு லாக் என்று பேர். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு நாலு லட்சம் குறிப்பு சேரும். அதை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டால் டிஸ்க் முட்டிப்போகும், அப்புறம் ஒரு புகார்கூட உள்ளே போகாது. அதனால் ஏழு நாளுக்கு முந்தைய லாக் எல்லாம் தானாகவே அழிந்துபோகிற மாதிரி அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். பழைய செய்தித்தாள், காலி டப்பா, காலாவதியான மாத்திரை, கிழிந்த செருப்பு என்று எதுவும் அந்த இரண்டு அறை வீட்டில் ஒரு வாரம் தாண்டாது. அவர் மனைவி ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பவள். வெட்டின துணியில் மிச்சம் மீதியை எடுத்து வைத்தால் மறுநாள் காணாமல் போய்விடும். "கொஞ்சம் அசந்து உக்காந்தா என்னையும் தூக்கி வெளிய போட்டுருவாரு இந்த மனுஷன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு ஒரே பெண். படித்து, வேலைக்குப் போன இடத்தில் ஒருவனைப் பிடித்துப்போய், அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்து, அவர் அசைந்து கொடுக்காததால் கல்யாணம் செய்துகொண்டு, போனில் சொன்னாள். மற்ற அப்பாக்களாக இருந்தால் கத்தியிருப்பார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. இவர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மனைவி உறைகளைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், போனை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டு. இவர் உட்கார்ந்து அவள் போனிலும் தன் போனிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் மகளின் நம்பர், படங்கள், அனுப்பின செய்திகள் எல்லாவற்றையும் அழித்தார். தொட்டிலில் கிடக்கிற படத்திலிருந்து பட்டமளிப்பு விழாப் படம் வரைக்கும் ஒன்று பாக்கியில்லை. அழித்ததை யாரும் திரும்ப எடுத்துவிட முடியாதபடி, தொழில் தெரிந்தவர் அல்லவா, அதற்கும் வழி செய்தார். மொத்தம் அரைமணி நேரம். இதற்கெல்லாம் மன்னிப்பு உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"நம்பரையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா, பாவி மனுஷா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்தக் காலத்தில் யார் நம்பரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்?

பத்து நாள் கழித்து மகளே அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள், இவர்தான் எடுத்தார். "அப்பா" என்றாள். இவர் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டு, வந்த நம்பரையும் அழித்தார். சமையலறையிலிருந்து மனைவி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவாள்?

கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒரு வருடத்தில் வடிந்துவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. மனைவியின் அண்ணன் யார் யாரையோ விசாரித்து, எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு பெரிய ஊரில் அவள் இருப்பதாகச் சொன்னார். அண்ணனே நேரிலும் போய்ப் பார்த்தார். அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், எங்கே என்று கீழ்வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. அதோடு சரி. வீட்டில் பேச்சு குறைந்தது. தையல் இயந்திரம் ஓடுகிற சத்தமும், அது நின்றால் அவள் பெருமூச்சு விடுகிற சத்தமும்தான்.

இப்படி இன்னும் ஒரு வருடம் போன பிறகுதான் ஒருநாள் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த வலைத்தளத்தில் ஊழியர்களுக்கென்று ஆளுக்கொரு பக்கம் உண்டு. இவருக்கும் ஒன்று இருந்தது. மேலே மார்பளவுப் படம், கீழே பதவி, அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வராத கடுப்பில் இருக்கிறவன் எவன் இவர் மூஞ்சியைத் திறந்து பார்க்கப் போகிறான்? ஆனால் யாரோ பார்த்திருந்தார்கள். மாலை நாலு மணி பதினாறு நிமிடத்துக்கு. முந்தின நாள் நாலு பதிமூன்றுக்கு. அதற்கு முந்தின நாள் நாலு பத்தொன்பதுக்கு. கையில் இருந்த ஏழு நாளிலும் ஏழு தடவை. எந்த ஊர் என்று பார்த்தார். மகள் இருக்கிற ஊர்.

அன்றைக்கு அவர் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னார். மனைவி தைத்துக்கொண்டிருந்த உறையை அப்படியே முகத்தில் அழுத்திக்கொண்டாள். "அப்பா மூஞ்சியப் பாக்க வர்றாளா? அப்ப கோவம் போயிருச்சுங்க. எம் பொண்ணுக்குக் கோவம் போயிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றிலிருந்து துடைப்பம் துடைப்பதை நிறுத்தினார். ஏழு நாள் ஏற்பாட்டை எடுத்துவிட்டார். லாக் எல்லாவற்றையும் ஒரு தனிக் கோப்பறையில் சேர்க்க ஆரம்பித்தார். தேவையான குறிப்பை மட்டும் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் ஒருமுறை அழித்துப் பார்த்த கை, இனி எதையும் அழிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இரண்டு வருடம் ஓடியது. சாயங்காலம் அவர் படியேறி வந்தால் மனைவியின் முதல் கேள்வி, "வந்தாளா?" என்பதுதான். "வந்தா." "எத்தன மணிக்கு?" "நாலு பதினஞ்சு." அது போதும் அவளுக்கு. நாலு மணிக்கு வேலை முடிந்து, முகம் கழுவி, ஒரு டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அப்பாவைப் பார்க்கிறாள் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள் என்று கேட்டு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "லீவு நாள்லகூட மறக்கல பாருங்க!" ஒரு தடவை மூன்று நாள் சேர்ந்தாற்போல வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று இவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். நாலாம் நாள் வந்தாள் என்று கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அவருக்கு மட்டும் ஒரு உறுத்தல் இருந்தது. அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அவரே சொல்லிக் கொடுத்த பாடம் அது. இணையத்தில் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் மனிதர்களே கிடையாது, ஊர் ஊராகப் பக்கங்களைப் புரட்டிப் போகிற இயந்திரங்கள். மனிதர் வந்தால் பக்கம் திறக்கும், கூடவே படமும் இறங்கும். இயந்திரத்துக்குப் படம் எதற்கு? எழுத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விடும். நாலேகால் மணிக்கு வந்துபோகிறவள் ஒருநாளும் படத்தைக் கேட்டதில்லை.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒரு தடவை இறங்கின படம் பார்க்கிறவர் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், மறுபடி பார்க்கும்போது சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. இது பொய்யில்லை, நிஜமாகவே அப்படித்தான். மகள் முதல்நாள் படத்தைக் கேட்டிருப்பாள், அதற்கப்புறம் கேட்கவில்லை. அந்த முதல்நாள் லாக் எங்கே? ஏழு நாள் கணக்கில் அழிந்துபோனது. தொழில் தெரியாதவனாக இருந்தால் இவ்வளவு பக்குவமாகத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள வழி தெரியாமல் திண்டாடியிருப்பான். படத்தை மாற்றிப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். மாற்றவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை டிஸ்க் முட்டியது.

முட்டினதும் நேரம் பார்த்து முட்டியது. பஸ் நிலையத்துத் தெருவில் பெரிய குழாய் வெடித்துத் தண்ணீர் கடைக்குள் எல்லாம் புகுந்துகொண்டிருந்தது. ஜனம் புகார் பதிய முயன்றால் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. அலுவலகத்தில் போன் மணி நிற்கவில்லை. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சேர்த்து வைத்த கோப்பறையை அழித்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். அதைத் தொடாமல் வேறு என்னென்னவோ அழித்தார். பழைய சுற்றறிக்கைகள், பயிற்சி வகுப்புப் படங்கள் எல்லாம் போயும் போதவில்லை. கடைசியில் ஓடிக்கொண்டிருந்த அன்றைய லாக்கையே அழித்தார். இடம் துளிகூடக் கூடவில்லை. சர்வர் எழுதிக்கொண்டிருக்கிற கோப்பை அழித்தால், சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பும் வரைக்கும் அந்த இடம் கிடைக்காது. இது அந்த வேலையில் அரிச்சுவடி. இருபத்தாறு வருட அனுபவஸ்தர் அதை மறந்துவிட்டு, திரையைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றார்.

நெட்வொர்க் பார்க்கிற அம்மாள் ஓடி வந்தாள். நாற்பது வயது, வாய்த்துடுக்கு, ஆனால் வேலையில் கெட்டி. அவரை நகர்த்திவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

"சார், இது என்ன? ரெண்டு வருஷத்து லாக் அப்படியே கெடக்கு! நீங்களா சார் இப்படி?"

"அத மட்டும் அழிக்காதீங்க" என்றார். அவர் குரல் இருந்த விதத்தைப் பார்த்து அவள் ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டி, கோப்பறையை அதற்கு மாற்றி, சர்வரை நிறுத்திக் கிளப்பினாள். தளம் உயிர் பெற்றபோது மணி பதினொன்று. அதற்குள் தெருவில் மூன்று மணி நேரம் தண்ணீர் ஓடியிருந்தது.

தலைமை இன்ஜினியர் இவரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். "பேரு துடைப்பம், ஆனா குப்பைய எல்லாம் கட்டிக் காப்பாத்தி வச்சிருக்கீரு! எதுக்குய்யா? எதுக்குன்னு ஒரு காரணம் சொல்லும்!" இவர் தரையைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்துக்கு முன்னால் போய், என் பெண் வருகிறாள் என்று சொல்ல முடியுமா? இனி முப்பது நாளுக்கு மேல் ஒரு லாக்கும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பழைய கோப்பறை போக வேண்டும். சர்வரையும் மாற்றப் போகிறார்கள், அதோடு தளத்துக்கும் புதுச் சட்டை, எல்லா ஊழியருக்கும் புதுப் படம்.

நெட்வொர்க் அம்மாள் பழைய லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சாதாரணமாகக் கேட்டாள். "சார், இந்த ஒண்ணு தெனமும் உங்க பக்கத்துக்கே வருதே. மெஷின் மாதிரி இருக்கு. தடுத்துரவா?"

"மெஷின் இல்ல."

"படத்தையே கேக்கலியே சார்?"

"அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும்."

"ரெண்டு வருஷமாவா?" என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சார், இருக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டாள்.

புதுப் படம் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவர் சட்டைகளை எல்லாம் எடுத்துப் பரப்பி வைத்துக்கொண்டாள். "இந்த நீலச் சட்டையப் போடுங்க. தாடிய எடுக்காதீங்க, வெள்ளையா இருக்கட்டும். அப்பாவுக்கு வயசாயிருச்சுன்னு அவளுக்குத் தெரியணும்ல. தெரிஞ்சாத்தான் மனசு இளகும். சிரிக்காதீங்க. ஆனா மொறைக்கவும் செய்யாதீங்க" என்று ஓராயிரம் யோசனை சொன்னாள். இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொண்டார். புதுப் படம் எவர் கம்ப்யூட்டரிலும் இருக்காது, பார்க்கிறவர் மனிதராக இருந்தால் சர்வரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இனி ஒளிந்துகொள்ள இடமில்லை.

புதன்கிழமை மதியம் படம் ஏறியது. அலுவலகத்திலேயே நாலைந்து பேர் வேடிக்கையாகத் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் லாக்கில் இரண்டு குறிப்பு விழுந்தது, பக்கத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. எல்லாம் சரியாக வேலை செய்தது. நாலு பதினேழுக்கு அந்த ஊரிலிருந்து வந்தாயிற்று. பக்கம் மட்டும். அதற்குக் கீழே யாரோ தொட்டியில் புழு என்று புகார் பதிந்திருந்தார்கள். அவர் ஐந்தரை வரைக்கும் உட்கார்ந்து பார்த்தார். வீட்டில் கேட்டபோது, "படம் இன்னும் ஏத்தல" என்றார்.

வியாழக்கிழமை நாலு பன்னிரண்டு. பக்கம் மட்டும். நெட்வொர்க் கோளாறாக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தார். அதே ஊரிலிருந்து வேறு யாரோ தளத்தைத் திறந்து பார்த்திருந்தார்கள், அவர்களுக்கு எல்லாப் படமும் ஒழுங்காக இறங்கியிருந்தது. வீட்டில், "நாளைக்குத்தான் ஏத்துவாங்களாம்" என்றார். "என்ன ஆபீஸோ! ஒரு படத்தப் போட மூணு நாளா?" என்று மனைவி அலுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்தே அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஏசியிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாளியைக்கூட அவர் மாற்றவில்லை. நாலு பதினைந்துக்கு வந்தது. பக்கத்தைக் கேட்டது. போய்விட்டது. 'வந்தாள்' என்று நினைக்க மனசு வரவில்லை. இரண்டு வருடமாக எழுத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போன ஏதோ ஒரு கம்பெனியின் இயந்திரம். அந்த ஊரில் அப்படிப்பட்ட இயந்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற கட்டிடங்கள் ஏராளம் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கட்டும், ஒருநாள் அவளே கூப்பிடுவாள் என்று நம்பி அவர் தேடாமலும் இருந்துவிட்டார். அந்த ஊருக்கு ஒருமுறை போய் அவள் வேலை பார்த்த இடங்களில் விசாரித்திருந்தாலாவது, இந்த இரண்டு வருடத்தில் ஏதாவது துப்புக் கிடைத்திருக்கும். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நெட்வொர்க் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். "சார், இன்னைக்குக் கடைசி நாள். அந்தப் பழைய கோப்பறை... நான் அழிச்சிரட்டுமா? நீங்க பாக்க வேணாம்."

"இல்லம்மா. நானே செய்றேன்."

கட்டளையை அடித்தார். இரண்டு வருடம் போக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் முடிவு செய்தார். எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகக்கூட அடுக்கிக்கொண்டார். நாம இனி நேராப் போய்த் தேடுவோம், ஒரு மாசம் லீவு போடறேன் என்று அதோடு சேர்த்துச் சொல்லலாம். படி ஏறினார். கதவு திறந்தே இருந்தது. தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு மூடியிருந்தது. மனைவி தலைசீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு நின்றாள்.

"படம் ஏறிருச்சா?"

"ஏறிருச்சு."

"பாத்தாளா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"என்னங்க, பாத்தாளா இல்லையா?"

"பாத்தா" என்றார்.

"தாடியெல்லாம் வெள்ளையாப் போனது தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்ச் சார்ஜில் கிடந்த போனைக் கழற்றி எடுத்துவந்து, மேசை நடுவில் வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றினாள். இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாக இழுத்துப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தாள்.

"எம் பொண்ண எனக்குத் தெரியாதா? உங்கள அந்தக் கோலத்துல பாத்துட்டு அவளால சும்மா இருக்க முடியாது. இன்னைக்குக் கண்டிப்பாக் கூப்பிடுவா. நீங்க போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. இந்தத் தடவ நீங்கதான் எடுத்துப் பேசணும்."

அவர் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.